பிள்ளைகளின் இரவைப் பறித்தது யார்?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப் வாயிலாகவும் சூம் வாயிலாகவும் நடைபெறுமென அறிவிக்கப்பட்டபோது, வெங்காயம் விற்ற காசைக் கொண்டும், கடன்பட்டும், வெளிநாட்டு உறவினரைக் கேட்டும் நம் பெற்றார் கைத்தொலைபேசி வாங்கினர். பாடநூலாக வீட்டினுள் வந்த அப்பொருள், பாடசாலைகள் திறந்த பின்னரும் பிள்ளைகளின் தலையணைக்கடியிலேயே தங்கிவிட்டது.

நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து வகுப்பிலே கண்ணயரும் மாணவரைப் பற்றி ஆசிரியர்கள் முறையிடுகின்றனர். கேட்டாற் சினம், பறித்தால் உண்ணாமை. இதனை அடங்காமையென்று கருதி அடிப்போரும் நம்மிடையே உளர். உலக சுகாதார தாபனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பகுப்பிலே, கட்டுக்கடங்காத மின்விளையாட்டு ஒரு கோளாறாகவே இடம்பெற்றுள்ளது. விரலாற் தள்ளத் தள்ள முடிவின்றி வரும் காட்சிகளும் தற்செயலாக அமைந்தவையல்ல. பார்ப்பவன் எழுந்து போகாதிருந்தாற்றான் கம்பனிகளுக்கு விளம்பர வருமானம் பெருகும். அத்தகைய பெருமுதலாளிகளுக்கெதிரே பதினைந்து வயதுப் பிள்ளையைத் தனியே நிறுத்திவிட்டு, அது தோற்றபின் வைவது எவ்வகை நியாயம்?

சட்டமொன்று போதுமென்பாருமுளர். தென்கொரியா 2011இல் அவ்வாறே சட்டமியற்றி, 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை கணினியில் இணைய விளையாட்டு ஆடுவதைத் தடுத்தது. பிள்ளைகளோ பெற்றாரின் அடையாள இலக்கத்தைக் கொடுத்து உட்புகுந்தனர். விளையாட்டும் சட்டத்துக்கெட்டாத கைத்தொலைபேசிக்குப் பெயர்ந்தது. 2022 தொடக்கத்தில் அச்சட்டம் ஒழிந்தது. அவுஸ்திரேலியா 2025 டிசெம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்குகளைத் தடுத்து, தண்டத்தைப் பிள்ளைமீதோ பெற்றார்மீதோ அன்றிக் கம்பனிகள்மீதே சுமத்தியிருக்கின்றது. பொறுப்பை உரியவர் தலையில் வைத்தமையை நாம் வரவேற்கின்றோம். அதன் பயனைக் காலந்தான் காட்டும்.

ஆயினும் நம் வீட்டு முற்றத்தையும் நாம் நோக்கவேண்டாமா? விடியுமுன் தனியார் வகுப்பு, பின் பாடசாலை, மாலையில் மீண்டும் தனியார் வகுப்பு. சனி ஞாயிறும் அவ்வாறே. தோட்டத்துக்கு நீர் பாய்ச்ச மகனை அழைத்தாற் படிப்புக் கெடுமென்று கமக்காரர் அஞ்சுகின்றார். பந்தாடப் போனாற் புள்ளி குறையுமென்று உத்தியோகத்தர் தடுக்கின்றார். இவ்வளவும் போகப் பிள்ளைக்கென எஞ்சுவது இரவொன்றே. அதனை அவன் தொலைபேசிக்குக் கொடுக்கின்றான். அறைக்கதவு மூடியிருப்பதைக் கண்டு, படிக்கின்றானென நாமும் மன நிறைவோடு உறங்கிவிடுகின்றோம்.

ஆகவே முதலில் மாலைப்பொழுதைப் பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுத்தல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையேனும் தனியார் வகுப்புகள் ஓயட்டும். இரவு 9 மணிக்கு வீட்டிலுள்ள தொலைபேசிகள் யாவும் விறாந்தை மேசைக்கு வரட்டும், தந்தையாருடையதும் வரட்டும். தாம் யூரியூப்பில் அரசியல் விவாதம் பார்த்துக்கொண்டு மகனை மட்டும் கண்டிப்பவரின் சொல் எந்த வீட்டிலும் ஏறாது. திடீரெனப் பறித்தலும் தகாது. பலநாட் பழக்கத்தைப் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். உறக்கமும் உணவும் கெட்டு, பிள்ளை எவரோடும் பேசாதொழியுமாயின் வைத்தியரை நாடுவதில் வெட்கமில்லை. அத்தகைய பிள்ளை தன் மனத்தைத் தன் தாய்மொழியிலே திறந்துரைக்க, தமிழறிந்த உளவளத்துணையாளர் எல்லாப் பாடசாலைகளிலும் இருத்தல் வேண்டும். இதனை அரசாங்கத்திடம் சலுகையாக அன்றி உரிமையாகவே கேட்கின்றோம்.

2025 மே மாதத்திலே நாம் அளித்த வாக்குகளாற் பிரதேச சபைகள் அமைந்தன. ஊர் வாசிகசாலைகளும் விளையாட்டுத் திடல்களும் அவற்றின் பொறுப்பு. சனசமூக நிலையங்களிற் பல பத்திரிகை வாசிக்கும் முதியோரோடு நின்றுவிட்டன. அங்கே இளைஞர் மாலையிற் கூட ஒரு கரப்பந்து வலையும், ஒரு மின்விளக்கும், ஓரலுமாரி புதிய நூல்களும் போதும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இவற்றுக்கு எவ்வளவு ஒதுக்கப்படுகின்றதென்று ஒவ்வொரு வட்டாரத்தாரும் தம் உறுப்பினரைக் கேட்டறிவாராக.