மறைவே அதற்குக் கவசம்



பணி ஓய்வுக்குப் பின் எனக்கு வாய்த்த பழக்கங்கள் இரண்டு: தல யாத்திரையும் ஒளிப்படம் எடுத்தலும். சென்ற மாசியில் நானும் என் துணைவியும் குருவாயூர் தரிசனம் முடித்து, மூணாறு வழியாக மதுரை திரும்புகையில் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தில் இறங்கினோம். எர்ணாகுளம் மாவட்டத்தில் பெரியாற்றங்கரையில் அமைந்த அவ்வனம், பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயர் தாங்கி, 1983 முதல் சரணாலயமாக விளங்குகிறது.

நான் காண விழைந்தது தவளைவாய்ப் பறவை. அங்குள்ள இனம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது. இரவில் பூச்சிகளைப் பிடித்துண்ணும். பகலில் கிளையில் அசையாது அமர்ந்திருக்கும். ஆண் சாம்பல் நிறம், பெண் செம்பழுப்பு.

வழிகாட்டியான இளைஞர் ஒரு புதரைச் சுட்டினார். என் கண்ணுக்குப் பட்டவை சருகுகளே. கருவறை முன் நிற்கையில் முதலில் இருள்தான் தெரியும். பொறுத்திருந்தால் திருமேனி மெல்லத் துலங்கும். அங்கும் அவ்வாறே. சருகொன்று அலகாயிற்று, அதன்மேல் மூடிய இமை தெரிந்தது. ஆபத்தை உணர்ந்தால் இப்பறவை அலகை வானோக்கி உயர்த்தி, முறிந்த கிளைபோல் விறைத்து நிற்கும். பெரிய விழிகள் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றையும் இடுக்கிக்கொள்ளும்.

அது ஆண்பறவை, அடைகாத்துக்கொண்டிருந்தது. மென்தூவியும் மரப்பாசியும் சேர்ந்த சிறு கூடு. அதில் ஒரே ஒரு முட்டை. பகற்காவல் முழுவதும் தந்தையின் பொறுப்பு.

ஓர் இலை அதன் முகத்தை மறைத்தது. படம் தெளிவாக அமையவேண்டுமென்ற ஆசையில் அவ்விலையை விலக்கக் கை நீட்டினேன்.

“சாரே, வேண்டா!” என்று இளைஞர் என் கையைப் பற்றினார். இலை விலகினால் வெயில் விழும்; பறவை அஞ்சிப் பறந்தால் கூடு வெளிப்படும்; முட்டை காகத்துக்கோ பாம்புக்கோ இரையாகும் என்று தாழ்ந்த குரலில் விளக்கினார்.

நான் வெட்கினேன். வங்கியில் பெட்டக அறையின் சாவிகளை இருவர் பொறுப்பில் வைத்துக் காத்தவன் நான். எங்கள் பெட்டகத்திற்கு இரும்புக் கதவு இருந்தது. இந்தப் பறவைக்கு இருப்பது மறைவு ஒன்றே. அதையும் ஒரு படத்திற்காகப் பறிக்க இருந்தேன்!

கேமராவைத் தாழ்த்தி, வந்த வழியே பின்வாங்கினோம். “கண்ணைத் திறக்காமலேயே நம்மைப் பார்த்ததுங்க” என்றாள் துணைவி.

கானகம் செல்லும் அன்பர்கள் சிலவற்றை மனத்தில் கொள்க. கிளையை வளைக்க வேண்டா. மின்னொளி பாய்ச்ச வேண்டா. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்து அழைக்க வேண்டா. கூட்டைக் கண்டால் இருப்பிடத்தைப் பிறருக்குப் பரப்ப வேண்டா. மறைந்து வாழும் உயிர் நம் கண்ணில் படுவது நம் உரிமை அன்று; அது நமக்குக் கிட்டும் பேறு.

“படம் எங்கே தாத்தா?” என்று பேரன் கேட்டான். நடந்ததைச் சொன்னேன். “முட்டை பொரிஞ்சிருக்குமா?” என்பதே அவனது அடுத்த கேள்வி. பொரிந்திருக்கவேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

ஆகையால் இவ்வாரம் இப்பகுதியில் படம் இல்லை. வாசகர்கள் பொறுத்தருள்க.