தகரப் பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்!

நடுவழியில் நின்றுவிட்ட பஸ்ஸில் நீங்கள் எப்போதாவது உட்கார்ந்திருக்கிறீர்களா? நிச்சயம் உட்கார்ந்திருப்பீர்கள். முதலில் என்ஜினிலிருந்து ஒரு முனகல் வரும். அப்புறம் இரண்டு இருமல். பிறகு ஒரேயடியாக மௌனம். டிரைவர் இறங்குவார். கண்டக்டர் இறங்குவார். வண்டியில் உள்ள ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் இறங்கி, என்ஜினைச் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். நாம் மட்டும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேருவோமா?" என்று கவலைப்படுவோம்.

1966-ஆம் வருஷம், எனக்குப் பத்து வயது இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைத் தரிசனம் செய்துவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு, பாட்டியும் அம்மாவும் நானும் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினோம். ஏறக்குறைய ஏழு மைல் தூரந்தான். பாதி வழியில் வண்டியின் மூக்கிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பிற்று. பேன் பெல்ட் அறுந்து போய்விட்டது! விசிறி சுழலவில்லை, ரேடியேட்டர் தண்ணீர் கொதித்துவிட்டது.

கிளீனர் பையன் குதித்து ஓடிப் பின் சக்கரத்தில் கட்டை வைத்தான். "தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் மாதிரி என்ன சுறுசுறுப்பு, பார்!" என்றாள் பாட்டி. ஒரு வாலிபர் அவசரமாக ரேடியேட்டர் மூடியில் கையை வைக்கப் போனார். டிரைவர் அவர் கையைப் பிடித்து இழுத்தே விட்டார். ஆவி அடங்காத குக்கரைத் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? இதுவும் அதே கதைதான்.

அதற்குப் பிறகு டிரைவர் செய்த காரியந்தான் இத்தனை வருஷம் கழித்தும் என் நினைவில் நிற்கிறது. தமது ஆசனத்துக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். எண்ணெய்த் துணியில் சுற்றிய பெல்ட் ஒன்று அதிலிருந்து வெளியே வந்தது. சூடு தணிந்து, தண்ணீர் ஊற்றி, முக்கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. அதற்குள் பால்கோவாவும் காலியாகிவிட்டது என்பது வேறு விஷயம்!

"வீட்டிலே உப்பு புளி மாதிரி, வண்டியிலும் கையிருப்பு வேணும்டி" என்றாள் பாட்டி.

நம் பக்கத்தில் பஸ் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் மதுரையில் பஸ் சர்வீஸ் ஆரம்பித்தார். அப்போது சாலையெல்லாம் மாட்டு வண்டிகள். மாட்டின் லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் டயரைப் பதம் பார்த்தன. அவர் என்ன செய்தார் தெரியுமா? காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட விட்டு, ஆணிகளைப் பொறுக்கச் செய்தார்! இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அவருடைய கம்பெனி கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கும் 'கேஸ் பிளாண்ட்' ஒன்றைத் தயாரித்தது. அந்நாளில் பஸ்ஸுக்கும் நம் வீட்டுக் குமுட்டி அடுப்புக்கும் ஆகாரம் ஒன்றுதான்.

1972-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டு, பெரிய கம்பெனியின் பஸ்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்துக்கொண்டிருந்த சிறிய முதலாளிகள் பலர் அதற்குப் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜபாளையத்தில் இருந்த என் பெரியப்பா அவர்களில் ஒருவர்.

பெரியப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. பெர்மிட் கைமாறிவிட்டது. ஆனால் அவர் முதன்முதலில் வாங்கிய லேலண்ட் காமெட் பஸ்ஸை மட்டும் விற்கப் பெரியம்மாவுக்கு மனம் வரவில்லை. தோட்டத்துக் கொட்டகையில் அது நிற்கிறது. மகன் பழைய இரும்புக்காரரிடம் விலை பேசிவிட்டான். பெரியம்மாவோ, "ஒரு தடவை அந்த என்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் என்னவானாலும் செய்யுங்கள்" என்றாள். எண்பத்து மூன்று வயதுக்காரி வேறு என்ன கேட்கப் போகிறாள்?

மெக்கானிக் வந்து பார்த்தார். வாட்டர் பம்பின் பேரிங் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. புதியது போடலாம் என்றால், பேரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும் எண் வேண்டும். அதையோ துரு தின்றுவிட்டது.

இந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பேரிங்குகளின் அளவும் எண்ணும் உலகம் முழுவதும் ஒரே ஒழுங்கில் அமைந்தவை. உதாரணமாக, 6205 என்று இருந்தால், கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். 25 மில்லிமீட்டர், அதுதான் உள்துளையின் அளவு. வெளிவட்டம் 52, தடிமன் 15. எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். ஆகவே வண்டி செய்த கம்பெனி கைவிட்ட பிறகும், எண் தெரிந்தால் பேரிங் கிடைக்கும். எண் தெரியாவிட்டால் கடை கடையாக அலைய வேண்டியதுதான்.

நட்டும் போல்ட்டும் இன்னும் பொல்லாதவை. பழைய இங்கிலீஷ் வண்டிகளில் அங்குலக் கணக்கு. 1841-ல் விட்வொர்த் என்பவர் வகுத்த முறையில் மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் முறையில் 60 டிகிரி. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பலவந்தமாக முடுக்கினால் மரை போய்விடும். நம் வீட்டில் ஒரு டப்பாவின் மூடியை இன்னொரு டப்பாவில் திருகிப் பார்க்கிறோமே, அப்படித்தான்! கேஸ்கட்டானால் தகடு வாங்கி வெட்டிக்கொள்ளலாம். ஷாப்ட்டானால் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். ஆனால் எதற்கும் அளவு வேண்டும்.

அன்று சாயங்காலம் பெரியம்மாவின் மருமகள் தயங்கித் தயங்கி வந்தாள். "அத்தை, போகிக்குப் பரணை ஒழித்தபோது மாமாவின் தகரப் பெட்டி ஒன்று அகப்பட்டது. எடைக்குப் போட எடுத்து வைத்தேன். அன்றைக்குப் பழைய சாமான்காரர் வரவில்லை…"

பெட்டியைத் திறந்தோம். துணியில் சுற்றிய இரண்டு பெல்ட்டுகள், சில செப்பு வாஷர்கள், அடியில் ஒரு நோட்டுப் புத்தகம். பெரியப்பாவின் குண்டு குண்டான எழுத்து. எந்தத் தேதியில் எந்தச் சாமான் மாற்றியது, அதன் எண் என்ன, எந்தக் கடையில் வாங்கியது, எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பானர் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். வாட்டர் பம்பும் இருந்தது. மறுநாள் மகன் மதுரைக்குப் போய் எண்ணைச் சொன்னான். கடைக்காரர் அலமாரியிலிருந்து பேரிங்கை எடுத்துக் கொடுத்துவிட்டார்!

நான்காம் நாள் கொட்டகையில் என்ஜின் உறுமிற்று. தகரமெல்லாம் கடகடவென்று அதிர்ந்தது. பெரியம்மா முன் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். இரும்புக்காரரிடம் வேண்டாம் என்று மகனே சொல்லி அனுப்பிவிட்டான்.

ஆனாலும் அந்த பஸ்ஸின் எதிர்காலம் என்ன என்று கேட்டால் எனக்கும் கவலைதான். ஐம்பது வயது தாண்டிய பழைய வாகனங்களுக்கென்று மத்திய அரசாங்கம் 2021-ல் தனி ரிஜிஸ்டிரேஷன் விதிகள் கொண்டுவந்தது. ஆனால் அது இரு சக்கர வண்டிகளுக்கும் கார்களுக்குந்தான்; பஸ்ஸுக்கு இல்லை. ஒரு பணக்காரர் உலாப் போன கார் கௌரவம் பெறுகிறது. ஊரையே சுமந்த பஸ்ஸைக் காப்பாற்ற வீட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் இல்லை!

வீட்டை ஒழிக்கிற வேலை பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் பஸ் இல்லாமல் இருக்கலாம். ஒரு தையல் மெஷின் இருக்கும். மாவரைக்கும் கிரைண்டர் இருக்கும். மாமனார் ஆசையோடு வைத்திருந்த ரேடியோ இருக்கும். அவற்றோடு சேர்ந்த பெட்டியையோ நோட்டையோ எடைக்குப் போடுமுன் ஒரு தடவை திறந்து பாருங்கள். இரும்புக்கு நாலு காசு கிடைக்கும். அதற்குள் இருக்கும் எண்ணை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பெரியம்மா இப்போது அந்த நோட்டைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில், வாட்டர் பம்ப் பேரிங் மாற்றிய தேதியை மருமகள் தன் கையால் எழுதியிருக்கிறாள்.