பெயர் சரிதான், போய்ச் சேர்ந்த இடம்?



காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் மாகறல் என்னும் ஊர் உள்ளது. அப்பகுதியில் வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லையென்றால் விவசாயி என்ன செய்வார்? முதலில் தம் வயலின் மடையைப் பார்ப்பார். பிறகு பக்கத்து வயலை எட்டிப் பார்ப்பார். அங்கே தண்ணீர் பாய்ந்தால் கோளாறு தம் வரப்புக்குள்தான். அங்கும் காய்ந்து கிடந்தால் வாய்க்காலோடு மேலே நடந்து, ஏரி மதகு வரை சென்று பார்ப்பார். கடைமடையிலிருந்து மதகு வரை ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே போவது நம் முன்னோர் நமக்குப் பழக்கிய முறை. இம்மாதம் நாம் பேசவிருக்கும் கணினிக் கோளாறுக்கும் இதே முறைதான் உதவுகிறது.

கோளாறு இதுதான். வங்கியின் இணையதளப் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் தட்டுகிறீர்கள். திறக்கும் பக்கமோ வேறொன்றாக இருக்கிறது. அல்லது வங்கியின் பக்கத்தைப் போலவே தோன்றும் ஒரு பக்கம், வழக்கத்தில் இல்லாத விவரங்களையெல்லாம் கேட்கிறது. வளைகுடாவில் உழைக்கும் மகன் அனுப்பிய பணம் வந்துவிட்டதா என்று பார்க்க அமரும் தாய், அந்தப் பக்கத்தில் கடவுச்சொல்லை இட்டுவிட்டால் என்னவாகும்? ஒரு வருட உழைப்பு ஒரு நிமிடத்தில் பறிபோகலாம். ஆகவே இது கணினி படித்தவர்களுக்கு மட்டுமே உரிய செய்தி என்று எண்ணி, தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் எண்ணால் ஆன முகவரி உண்டு. பழைய முறையில் அது புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இந்த எண்களை நாம் நினைவில் வைத்திருக்க இயலாது. எனவேதான் பெயர் வைத்தார்கள். தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலாக அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் பராமரிக்கப்பட்டன. கணினிகள் பெருகவே ஒரு பட்டியல் போதவில்லை. 1983ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், அந்தப் பட்டியலைப் பலரிடம் பகிர்ந்து பராமரிக்கும் முறையை வகுத்தார். அதுவே டி.என்.எஸ். என்று அழைக்கப்படுகிறது.

நீங்கள் பெயரைத் தட்டியதும் கேள்வி எந்தெந்த இடங்களுக்குப் போகிறது என்று பார்ப்போம். முதலில் உங்கள் கணினியே தன் நினைவில் விடையைத் தேடுகிறது. இல்லையெனில் வீட்டிலுள்ள ரௌட்டர் பெட்டி காட்டும் வழியே, இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் கணினியைக் கேட்கிறது. அதற்கும் தெரியாவிட்டால், அது அந்தப் பெயரின் மூலப் பதிவு இருக்கும் இடம் வரை சென்று கேட்டு வருகிறது. இவற்றுள் எந்த ஓரிடத்தில் விடை பிசகினாலும் நாம் போய்ச் சேரும் இடம் பிசகிவிடும்.

எல்லாப் பிசகும் சூழ்ச்சியால் வருவதன்று. ஒரு நிறுவனம் தன் தளத்தை வேறு கணினிக்கு மாற்றி, மூலப் பதிவையும் திருத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விடையையும் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று அந்தப் பதிவிலேயே ஒரு கணக்கு குறிக்கப்பட்டிருக்கும். அது 86,400 வினாடிகள் என்று இருந்தால், இடையிலுள்ள கணினிகள் ஒரு நாள் முழுவதும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். வீடு மாறிய உறவினரின் பழைய வாசலில் போய் நிற்பதைப் போன்றது இது. காத்திருந்தால் தானே சரியாகிவிடும்.

சூழ்ச்சியால் வருவதற்கு இரண்டு உண்மை நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். முதலாவதில் கோளாறு வீட்டுக்குள் இருந்தது. ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்ற தீய நிரல் 2007 முதல் 2011 வரை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகளில் புகுந்தது. ‘யாரிடம் வழி கேட்பது’ என்ற குறிப்பை அது மாற்றியெழுதியது. அதன்பின் அக்கணினிகள் மோசடிக்காரர்களின் கணினியிடமே வழி கேட்டன. சில வேளைகளில் அது ரௌட்டர் பெட்டியையும் மாற்றியது. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லைப் பலர் மாற்றாமலே விட்டிருந்ததுதான் காரணம். 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் ஆறு பேர் கைதாயினர். தவறான வழி காட்டிய கணினிகளுக்குப் பதிலாக நல்ல கணினிகள் வைக்கப்பட்டு, 2012 ஜூலை 9ஆம் நாள் அவையும் நிறுத்தப்பட்டன. அதுவரை தம் கணினியைத் திருத்தாதிருந்தவர்கள் சிலருக்கு அன்று இணையமே நின்றுபோனது.

இரண்டாவதில் கோளாறு மதகில் இருந்தது. 2021 பிப்ரவரி 6ஆம் நாள் காலை, இலங்கையின் ‘எல்.கே.’ என்று முடியும் பெயர்கள் சிலவற்றைத் தட்டியவர்கள் வேறொரு பக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கூகுள் நிறுவனத்தின் இலங்கைப் பெயரும் அவற்றுள் ஒன்று. அப்பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் துயரம், பத்திரிகைச் சுதந்திரம் முதலியவை பற்றி எழுதப்பட்டிருந்தது. அப்பெயர்களைப் பதிவு செய்யும் இலங்கைப் பதிவகத்தில்தான் ஊடுருவல் நடந்திருந்தது. அன்று காலையிலேயே அது சரிசெய்யப்பட்டது. ஆனால் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வீட்டில் அமர்ந்திருந்தவர் தம் கணினியை எத்தனை முறை துடைத்திருந்தாலும் பயன் இருந்திராது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நாம் செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். சந்தேகம் எழுந்ததும் எதையும் தட்டாதீர்கள். ஒரே கேள்வியை வேறு வழியில் கேட்டுப் பாருங்கள். வீட்டு வைஃபையைத் துண்டித்துவிட்டு, கைபேசியின் சொந்த இணைப்பில் அதே பெயரைத் திறவுங்கள். இது பக்கத்து வயலை எட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு கருவியில் மட்டும் தவறான பக்கம் வந்தால் கோளாறு அந்தக் கருவியில். அதை அணைத்து மீண்டும் இயக்குங்கள். சரியாகாவிட்டால் நச்சு நிரல் நீக்கும் மென்பொருளால் சோதியுங்கள். வீட்டு வைஃபையில் எல்லாக் கருவிகளிலும் தவறாக வந்து, கைபேசி இணைப்பில் மட்டும் சரியாக வந்தால், ரௌட்டர் பெட்டியையோ இணைப்பு தரும் நிறுவனத்தையோ ஐயுறலாம். பெட்டியின் டி.என்.எஸ். குறிப்பைத் தெரிந்தவரைக் கொண்டு திருத்தி, அதன் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். எந்த வழியில் கேட்டாலும் தவறாகவே வந்தால் கோளாறு மூலத்தில். அப்போது நம் வேலை, காத்திருப்பதும் அந்த நிறுவனத்துக்குத் தெரிவிப்பதுமே. தொலைபேசி எண்ணை வங்கிப் புத்தகத்திலிருந்து எடுங்கள், சந்தேகப் பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள்.

சற்றுக் கணினி தெரிந்த பிள்ளைகள் ‘என்.எஸ்.லுக்கப்’ என்ற கட்டளையால் எண் முகவரியையே கேட்டுப் பார்க்கலாம். 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற பொது டி.என்.எஸ். கணினிகளிடமும் கேட்டு ஒப்பிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. பெரிய நிறுவனங்கள் ஊருக்கு ஊர் வெவ்வேறு எண்களை வைத்திருப்பது வழக்கம். எண் வேறுபட்டதாலேயே மோசடி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அப்படியானால் எதை நம்புவது? உலாவி தரும் எச்சரிக்கையை நம்புங்கள். தவறான கணினிக்கு நீங்கள் போய்ச் சேர்ந்தாலும், அந்தப் பெயருக்குரிய சான்றிதழை அதனால் எளிதில் காட்ட முடியாது. ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்று உலாவி தடுக்கும்போது, அதைத் தாண்டிச் செல்லும் பொத்தானை அழுத்துவதே பலரையும் கவிழ்க்கும் செயல். அதே சமயம், எழுத்து மாற்றிப் பதிவு செய்த போலிப் பெயருக்கும் முறையான சான்றிதழ் கிடைத்துவிடும். ஆகவே பெயரையும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.

இதற்காகவே இந்திய ரிசர்வ் வங்கி 2025ஆம் ஆண்டு ஓர் ஏற்பாடு செய்தது. இந்திய வங்கிகள் தம் தளங்களை அவ்வாண்டு அக்டோபர் 31க்குள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று பணித்தது. அப்பெயர்களை வழங்கும் பொறுப்பு ஹைதராபாத்திலுள்ள ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனத்திடம் மட்டுமே உள்ளது. வங்கி அல்லாத ஒருவர் அப்பெயரைப் பெற முடியாது. எனவே பழைய பெயரைத் தட்டும்போது இத்தகைய புதிய பெயருக்கு மாறினால் அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் வங்கியின் பெயர் முடிவைத் தாளில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள்.

ஒருவேளை ஏற்கனவே கடவுச்சொல்லை இட்டுவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள். பணம் கைமாறிக் கைமாறிச் செல்வதற்கு முன் தடுக்க வேண்டுமானால் முதல் சில மணி நேரமே முக்கியம். ‘அத்தா திட்டுவார்’ என்று பிள்ளையும், ‘மகன் வருந்துவான்’ என்று தாயும் மௌனமாக இருக்கும் அந்த நேரம்தான் திருடனுக்குக் கிடைக்கும் அவகாசம். இன்றே வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து இதைப் பேசிவிடுங்கள்.