உறையும் நீர் தரும் வெப்பம்

சுரங்கம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன இருளும் புழுக்கமுமே. நிலத்தினுள் ஆழம் செல்லச் செல்ல வெப்பம் ஏறும் என்று பாடசாலையிலே படித்தும் இருக்கின்றோம். அவ்வாறிருக்க, சுரங்கம் குளிர்காய்வதற்குத் தீ மூட்டுகின்றார்கள் என்று ஒருவர் கூறினால் நகைக்கவே தோன்றும். ஆயினும் குளிர்நாடுகளில் நடப்பது அதுதான்.

நம்மவர் பலர் குடியேறி வாழும் ரொறன்ரோ நகரிலிருந்து தெருவழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வடக்கே சட்பரி என்னும் ஊர் இருக்கின்றது. நிக்கல் தாதுவுக்குப் பெயர்போன ஊர். அங்குள்ள கிறைற்றன் சுரங்கத்தில் 2 கிலோமீற்றர் ஆழத்துப் பாறையின் வெப்பநிலை 40 பாகை செல்சியசுக்கும் மேல். (நியூத்திரினோ ஆராய்ச்சிக்காக 2015ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆதர் மக்டொனால்டின் ஆய்வுகூடம் இந்த ஆழத்திலேதான் அமைந்தது.) கீழே இவ்வளவு வெப்பம் இருக்க, மேலே குளிர்காலத்தில் காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 பாகை வரை தாழ்ந்துவிடுகின்றது. உள்ளே வேலை செய்வோர் மூச்சுவிடவும், வெடிப்புகையும் டீசற்புகையும் வெளியேறவும் அந்தக் காற்றையே பெரும் விசிறிகளால் உள்ளே செலுத்தவேண்டும்.

அதை அப்படியே செலுத்தினால் என்ன? சுரங்கக் கிணற்றின் சுவர்களிற் கசியும் நீர் உறைந்து பாளம் பாளமாகத் திரளும். அப்பாளங்களில் ஒன்று பெயர்ந்து, பல நூறு மீற்றர் ஆழத்துக்கு விழுந்தால், கீழே ஆளேற்றி வரும் கூட்டின் கதி என்னவாகும்? நீர்க்குழாய்களும் வெடித்துவிடும். ஆகவே, உள்ளே புகுமுன் காற்றை உறைநிலைக்கு மேலே இரண்டு மூன்று பாகையளவுக்கேனும் சூடேற்றுகின்றார்கள். இது சுகம் தேடிச் செய்யும் காரியமன்று, உயிர்காக்கும் காரியம்.

இதற்கு ஆகும் செலவை மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம். ஒரு கனமீற்றர் காற்றை 33 பாகை சூடேற்ற 42 கிலோயூல் அளவு வெப்பம் வேண்டும். பெரிய சுரங்கமொன்றுக்கு விநாடிதோறும் 500 கனமீற்றர் காற்றுத் தேவை எனக் கொண்டால், 21,000 கிலோவாற்று வேகத்தில் வெப்பம் ஊட்டவேண்டும். வழக்கமாக இதற்குப் புரொப்பேன் வாயுவையே எரிக்கின்றனர். விநாடிக்கு அரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவாக எரியும். நம் வீட்டு அடுப்புக்கு வாரக்கணக்கில் உதவும் 12.5 கிலோகிராம் சிலிண்டர் அங்கே அரை நிமிடம் தாங்காது! எரியும் ஒவ்வொரு கிலோகிராம் புரொப்பேனுக்கும் 3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வானிற் கலக்கின்றது.

இதன் பயனை அந்நாட்டின் வடக்கே கண்கூடாகக் காணலாம். கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியின் வைரச் சுரங்கங்களுக்கு வேண்டிய டீசல், உறைந்த ஏரிகளின்மேல் ஆண்டில் இரண்டொரு மாதமே திறக்கும் பனிப்பாதையாற் சென்றது. 2006ஆம் ஆண்டில் குளிர் போதாமையால் அப்பாதை முன்கூட்டியே மூடப்பட, எஞ்சிய சரக்கை விமானத்தில் ஏற்றவேண்டியதாயிற்று. உலகைச் சூடாக்கும் எரிபொருள், தான் வரும் பாதையையே கரைக்கத் தொடங்கிவிட்டது.

மாற்று வழிகள் உள்ளன. வெளியேறும் காற்று ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால், அதன் வெப்பத்தைக் குழாய்களில் ஓடும் உறையாத் திரவத்தின் மூலம் உட்புகும் காற்றுக்கு மாற்றலாம். புழுதியும் ஈரமும் அக்குழாய்களிற் படிவதுதான் தொல்லை.

எமக்கு அதனினும் மேலாகத் தோன்றுவது தேவையையே குறைப்பது. டீசற்பொறியின் ஒவ்வொரு கிலோவாற்றுக்கும் விநாடிக்கு 0.06 கனமீற்றர் காற்று வேண்டும் என்பது ஒன்ராறியோ மாகாண விதி. 200 கிலோவாற்று வலுவுள்ள ஒரு பாரவண்டிக்கு 12 கனமீற்றர். கடுங்குளிர் நாளில் அக்காற்றைச் சூடேற்ற மாத்திரம் 500 கிலோவாற்று! வண்டி செய்யும் வேலையைவிட, அதன் புகையைப் போக்கும் காற்றுக்கு ஊட்டும் வெப்பம் இரண்டரை மடங்கு. மின்கலத்தால் ஓடும் வண்டிக்கு இந்தப் பாரம் பெரிதும் குறைகின்றது. தூசியையும் பொறிச்சூட்டையும் அகற்றக் காற்று அப்போதும் வேண்டும் என்பதை மறத்தலாகாது. அம்மாகாணத்தில் 2019இல் உற்பத்தி தொடங்கிய போர்டன் தங்கச் சுரங்கம், நிலத்தடிப் பொறிகளை மின்னால் இயக்கும் நோக்குடன் அமைக்கப்பட்டது.

இவையெல்லாம் புதியன. சட்பரியின் பழைய பொறியியலாளர் காபனைப் பற்றிக் கவலை கொள்ளாத காலத்திலேயே, வெறும் சிக்கனங் கருதி, வேறு இரண்டு வழிகளைக் கண்டிருந்தனர். கிறைற்றனில் முன்பு தோண்டி இடிந்த பகுதியொன்றில் உடைந்த பாறைகள் பெருங்குவியலாகக் கிடக்கின்றன. வெளிக்காற்றை அக்குவியலின் இடுக்குகளூடாக இழுத்தபின்பே கீழே அனுப்புகின்றார்கள். கோடையில் பாறை காற்றின் சூட்டை வாங்கிச் சேமித்து, குளிர்காலத்தில் திருப்பிக் கொடுக்கின்றது. கோடையிற் குளிரூட்டும் செலவும் மிச்சம். ஆனால் அத்தகைய குவியல் எல்லாச் சுரங்கத்துக்கும் வாய்ப்பதில்லை.

மற்றையது பிறூட்-ஸ்டோபிச் சுரங்கத்திற் கையாண்ட முறை. அதை முதன்முறை படித்தபோது நாமும் ஐயுற்றோம். தாது எடுத்து வெறுமையான பெரும் அறையொன்றினுள் நீரைத் தூவி, அதனூடே கடுங்குளிர்க் காற்றை இழுத்தார்கள். நீர் உறைந்தது, காற்று வெப்பமடைந்தது! பனிக்கட்டி உருக வெப்பத்தை உட்கொள்ளும் என்பதை அறிவோம். நீர் உறையும்போது அதே மறைவெப்பத்தை, கிலோகிராமுக்கு 334 கிலோயூலை, வெளிவிடவேண்டுமன்றோ? ஒரு சிறு தேநீர்க் கோப்பை நீர் உறைந்தால், ஒரு கனமீற்றர் காற்றை 30 பாகைக் குளிரிலிருந்து உறைநிலை வரை உயர்த்தப் போதும். அதற்கு மேல் ஏற்ற முடியாதாதலின், கடைசி இரண்டு மூன்று பாகைக்கே எரிபொருள் வேண்டும்.

ஆயினும் கோப்பைகள் பெருகுகின்றன. நாம் மேலே கொண்ட 500 கனமீற்றருக்கு, அத்தகைய ஒருநாட் குளிரில் ஏறத்தாழ 5,000 தொன் பனிக்கட்டி சேரும். மலைபோன்ற வெற்றறை இருந்தாலன்றி இது கைகூடாது. சேர்ந்த கட்டியும் அடுத்த குளிர்காலம் வருமுன் உருகியாகவேண்டும். அதற்காகக் கோடையின் வெங்காற்றையும் அவ்வறையூடாகவே இழுத்தார்கள். கட்டி உருக, ஆழத்துப் பாறையின் வெம்மையில் உழைப்போருக்குக் குளிர்காற்றுப் போய்ச் சேர்ந்தது.