குதிரைப் பந்தயமும் நம் பிள்ளைகளும்

நெல்லை, தூத்துக்குடி வட்டாரங்களில் குதிரை வண்டிப் பந்தயம் நடந்தால் நம் பிள்ளைகள் சாலையோரம் கூடிவிடுகின்றனர். அது குற்றமன்று. தாமிரபரணி கடலில் கலக்கும் காயலில் அரபுக் குதிரைகளை இறக்கிய மரபினர் நாம். பராமரிக்கத் தெரியாதோரிடம் அவை மாண்டதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்.

நபி (ஸல்) அவர்கள் நடத்திய பந்தயத்தில், பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு 5 அல்லது 6 மைல். பெறாதவற்றுக்கு 1 மைல்தான். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள் (புகாரி). இங்கோ சாட்டை எங்கே விழுகிறது என்பதைக்கூட எவரும் பார்ப்பதில்லை. பிராணியின் முகத்தில் அடிப்பதை மார்க்கம் தடுத்துள்ளது. வென்ற குதிரைக்குப் பரிசு ஆகும். வேடிக்கை பார்ப்போர் கட்டும் பணம், பத்து ரூபாயாயினும், சூதே. முகத்தில் அடிப்பவரின் வண்டியை விலக்குமாறு விழாக் குழுவினரிடம் நம் ஜமாஅத்தினர் கேட்கலாம்.