கைத்திறனுக்கு ஒரு சான்று

முடி திருத்தவும் முகம் ஒப்பனை செய்யவும் ஒரு பரீட்சை வேண்டுமோ என்று சங்கத்து அன்பர் ஒருவர் வினவினார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் தேறியவள். அழகுக்கலை பயில விரும்புகிறாள். இதே ஐயம் பிற இல்லங்களிலும் எழக்கூடுமாதலின், இத்திங்கள் அதனையே எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் இத்தொழில் உரிமத்துக்கு உட்பட்டது. மினசோட்டா மாநிலம் 1897-ஆம் ஆண்டிலேயே முடிதிருத்துவோர்க்கு உரிமச் சட்டம் இயற்றியது. பொதுச் சுகாதாரமே இத்தகைய சட்டங்களுக்குக் கூறப்படும் காரணம். ஆனால் பயிற்சிக் காலம் நீண்டால் செலவும் நீளும். எளியவர்க்கு வாயில் அடைபடும். கலிபோர்னியா மாநிலம் 2022-ஆம் ஆண்டு முதல் அழகுக்கலைப் பயிற்சியை 1,600 மணியிலிருந்து 1,000 மணியாகக் குறைத்தது. செய்முறைத் தேர்வை நீக்கி, எழுத்துத் தேர்வை மட்டும் வைத்துக்கொண்டது.

நம் நாட்டிலோ இத்தொழிலுக்குத் தேர்வு கட்டாயமன்று. கடைக்குப் பதிவும் உரிமமும் கேட்பார்கள்; கைக்குக் கேட்பதில்லை. ஆயினும் விரும்புவோர்க்கு வழி உண்டு. அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்கள் பலவற்றில் அழகுக்கலைப் பிரிவு இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர் சேரலாம், பயிற்சி ஓராண்டு. முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். மாற்றல் உத்தரவு கையில் வந்தால் மூட்டை கட்டும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு, எம்மாநிலத்திலும் செல்லும் சான்றிதழின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை.

தந்தையிடமோ கடையிலோ தொழில் கற்றவர்க்கு வேறொரு வழி உண்டு. முன்பே பெற்ற திறமையைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை, 2015-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இடம்பெற்றது.

ஆனால் தேர்வின் உயிர் தாளில் இல்லை, தூய்மையில் இருக்கிறது. ஒருவர்க்கு இட்ட பிளேடை மற்றொருவர்க்கு இடலாகாது. மஞ்சட்காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி. கிருமியும் இரத்தத்தின் வழியே பரவுவன. ஒரே படிகாரக் கட்டியைப் பல முகங்களில் தேய்ப்பதும் தவறே. தலைச்சாயம் பூசுமுன், இரண்டு நாள் முன்னதாகச் சிறிதளவு தோலில் தடவிப் பார்க்க வேண்டும். ஒவ்வாதவர்க்கு முகமெல்லாம் வீங்கிவிடும். இவற்றை அறியாத கை, எத்துணை அழகுறச் செய்யினும் ஆபத்தான கையே.

தமிழகத்தில் இத்தொழிலாளரை மருத்துவர் என்று அழைப்பதுண்டு. புண் ஆற்றியவரும் பிள்ளைப்பேறு பார்த்தவரும் அவர்களிடையே இருந்தனர். அன்னாரைப் பரீட்சை என்னும் பெயரால் வெளியேற்றுவது நன்றன்று. தூய்மையைக் கட்டாயமாக்குக, சான்றிதழை எளிதில் எட்டச் செய்க. இதுவே என் கருத்து.

அன்பருக்கு ஒரு சொல். மகளைத் தயங்காது சேர்த்துவிடுங்கள். ஆனால் தனியார் நிலையம் எதற்கேனும் பணம் கட்டுமுன், தேர்வு நடத்துவோர் யார், சான்றிதழில் கையொப்பமிடுவோர் யார் என்று கேட்டறியுங்கள். தாமே பயிற்றித் தாமே அச்சிட்டுத் தரும் தாள், அடுத்த ஊரில் செல்லாக் காசாகிவிடலாம்.