தைத்தவள் பெயர் என்ன?

இந்த வாரம் எனக்குக் கோபம். சென்னையில் ஒரு பெரிய கடையில் 'தோடர் சால்வை' என்று சொல்லி ஒன்றை எடுத்துப் போட்டார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கோலம். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெறும் வெள்ளை. அத்தனையும் அச்சு! நீலகிரியில் தோடர் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணியே ஊசி ஓட்டுகிறார்கள். அந்த வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயரில் அச்சடித்த துணியை விற்பதைத் திருட்டு என்றுதான் சொல்வேன்.

கடையை விடுங்கள். அந்தச் சால்வையைப் பார்த்ததிலிருந்து மனம் ஜப்பானிலேயே நிற்கிறது. நான் டோக்கியோவில் இருந்த வருடங்களில் ஓர் அம்மாள் எனக்குத் தையல் சொல்லித்தந்தார். இழை எண்ணித் தைக்க நான் கற்றது அவரிடம்தான். அவர் கற்றுத்தந்த தையலின் பெயர் கோகின்.

ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷூவின் வடகோடியில் இருக்கிறது சுகரு. பனி கொட்டும் ஊர், பருத்தி விளையாது. 1724-இல் அந்தப் பகுதியை ஆண்ட ஹிரோசாகி அரசு, விவசாயிகள் பருத்தி உடுத்தக் கூடாது என்று கட்டளையும் போட்டது. செடிநாரில் நெய்த முரட்டுத் துணிதான் அவர்களுக்கு. அதன் இழைகளுக்கு நடுவே குளிர்காற்று புகும். பெண்கள் என்ன செய்தார்கள்? அவுரியில் தோய்த்த அந்த நீலத் துணியின் சந்துகளை நூலால் அடைத்தார்கள். பிற்பாடு வெள்ளைப் பருத்தி நூல் கைக்கு வந்ததும் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் இழை எண்ணித் தைத்தார்கள். சாய்சதுரங்கள் பிறந்தன. பூனைக்கண், அவரை விதை, பட்டாம்பூச்சி என்று ஒவ்வொரு கோலத்துக்கும் பெயர் வைத்தார்கள். பக்கத்து நன்பு பகுதியில் இரட்டைப்படைக் கணக்கு. அதனால் அங்கே சதுரம் அகலவாக்கில் படுத்திருக்கும். துணியைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவார் என் ஆசிரியை.

1891-இல் டோக்கியோவிலிருந்து ஆவோமோரிக்கு ரயில் வந்துசேர்ந்தது. பருத்தித் துணி எளிதாகக் கிடைத்தது. கோகின் தைக்கும் கைகள் ஓய்ந்தன. 1930-களில் யனாகி சோயெட்சு அந்தப் பழைய சட்டைகளை உலகத்தின் கண்ணில் காட்டினார். அவர் 1936-இல் டோக்கியோவில் தொடங்கிய நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவர் இல்லையென்றால் கோகினை நான் பார்த்திருக்கவே முடியாது. ஆனால், பெயர் தெரியாத கைகள் செய்த பொருளில்தான் உயர்ந்த அழகு என்ற அவர் கொள்கையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பெண்களுக்குப் பெயர் இருந்தது. எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

பிப்ரவரி 8 அன்று டோக்கியோவின் அசாகுசா கோயிலுக்கு ஆசிரியை என்னைக் கூட்டிப்போவார். முறிந்த ஊசிகளையும் தேய்ந்த ஊசிகளையும் மெத்தென்ற டோஃபுவில் குத்திவைத்து, உழைத்ததற்கு நன்றி சொல்லிக் கும்பிடுவார்கள். நம் ஆயுத பூஜை போலத்தான். அந்த வழக்கத்தை நான் மனதாரக் கொண்டாடுகிறேன். ஊசிக்கே இவ்வளவு மரியாதை என்றால், ஊசி பிடித்தவளுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? சுகருவானாலும் நீலகிரியானாலும் இதுதான் என் வழக்கு.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டியோ அத்தையோ தைத்த தலையணை உறையோ மேசை விரிப்போ கட்டாயம் இருக்கும். தைத்தவர் பெயர், ஊர், தெரிந்தால் ஆண்டு மூன்றையும் அதன் ஒரு மூலையில் நூலாலேயே எழுதிவையுங்கள். தைக்கத் தெரியாவிட்டால் ஒரு துண்டுத் துணியில் மையால் எழுதி உள்பக்கம் இணைத்துவிடுங்கள். சொல்லக்கூடியவர்கள் இன்னும் வீட்டில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.